72 கிலோமீட்டர் கடலும் ஒரு சின்ன ஊரும்: ஓத்ராந்தோவின் கதை

இத்தாலி வரைபடத்தை பூட்ஸ் காலோடு ஒப்பிடாதவர் இல்லை. அந்த பூட்ஸின் குதியில், கிழக்கு ஓரமாக, ஓத்ராந்தோ என்ற ஊர் இருக்கிறது. இன்றைக்கு அங்கே ஆறாயிரம் பேர்கூடக் கிடையாது. மதிலுக்குள் இருக்கும் பழைய ஊரை அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். ஊருக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் பலாஷியா முனை. இத்தாலிய நிலம் கிழக்கே அதோடு முடிகிறது. வானம் தெளிவாக இருக்கும் காலைகளில், அங்கே நிற்கும் கலங்கரை விளக்கத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் அல்பேனியாவின் மலைகள் தெரியும். இடையில் இருக்கும் கடலின் அகலம் சுமார் 72 கிலோமீட்டர்தான்.

ஏட்ரியாடிக் கடல் தெற்கே வந்து அயோனியன் கடலோடு சேரும் இடத்தில் இப்படிக் குறுகிப் போகிறது. வெனிஸிலிருந்து கிளம்பும் கப்பலானாலும் வெனிஸுக்குப் போகும் கப்பலானாலும் இந்தக் கழுத்து வழியாகத்தான் போயாக வேண்டும். கிழக்கிலிருந்து மேற்கே தாண்ட நினைப்பவனுக்கும் மிகக் குறுகிய வழி இதுதான். ஓத்ராந்தோவுக்கு நடந்த நல்லது கெட்டது எதற்குக் காரணம் தேடினாலும், கடைசியில் இந்த 72 கிலோமீட்டரில்தான் வந்து நிற்போம். இவ்வளவு சின்ன ஊரின் பெயர் போப்பாண்டவர் சபையிலும் சுல்தான் அரண்மனையிலும் அடிபட்டதற்கு வேறு விளக்கம் கிடையாது.

இந்தக் குறுகலைப் பார்த்து ஆசைப்பட்டவர்களின் பட்டியல் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானியரான பிளினி ஒரு செய்தி சொல்கிறார். எபிரஸ் நாட்டு மன்னன் பிர்ரஸ், எதிர்க்கரையில் இருந்த அப்பொல்லோனியா நகரத்துக்கு ஓத்ராந்தோவிலிருந்து கடல்மேல் பாலம் போட யோசித்தானாம். ரோமுக்கு எதிராக யானைப்படையோடு இத்தாலிக்குள் வந்தானே, அதே பிர்ரஸ். அவனுக்கு இரண்டு நூற்றாண்டு கழித்து, ரோமானியத் தளபதி பாம்பேயின் கடற்படையில் பொறுப்பில் இருந்த வாரோ என்பவருக்கும் அதே யோசனை வந்ததாம். இருவருக்கும் வேறு வேலைகள் வந்துவிட்டதால் பாலம் நடக்கவில்லை என்று பிளினி முடித்துவிடுகிறார். வேறு வேலை வந்திருக்காவிட்டால் மட்டும் கட்டியிருப்பார்களா என்ன! ஆனால் அந்தக் கரையில் நிற்பவனுக்கு அப்படி ஒரு நினைப்பு வரும் அளவுக்கு எதிர்க்கரை பக்கத்தில் இருக்கிறது.

ஊரின் பழைய பெயர் ஹைட்ரூஸ். ரோமானியர் வாயில் அது ஹைட்ருந்தும் ஆயிற்று. ஊருக்குள் ஓடிக் கடலில் கலக்கும் இத்ரோ என்ற சிற்றாற்றின் பெயரும் இதோடு சேர்ந்ததே. கிரேக்கத்தில் இதன் வேர் தண்ணீரைக் குறிக்கும். தண்ணீர்ப் பாம்புக்கும் ஏறக்குறைய அதே சொல்தான். ஊரின் சின்னத்திலும் கோபுரத்தைச் சுற்றிய பாம்பு இருக்கிறது. அதற்கு ஊர்க்காரர்கள் தனிக் கதை வைத்திருக்கிறார்கள். கடற்கரையில் இன்றும் பாதி இடிந்து நிற்கும் பாம்புக் கோபுரம் ஒரு காலத்தில் விளக்குக் கோபுரமாக இருந்தது. இரவில் ஒரு பாம்பு ஏறி வந்து விளக்கின் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும். ஒருநாள் கொள்ளையர்கள் விளக்கை வழியடையாளமாக வைத்துக் கப்பலில் வந்தார்கள். பாம்பின் புண்ணியத்தில் விளக்கு அணைந்திருந்தது. அவர்கள் தடம் மாறிப் பிரிந்திசிக்குப் போய்விட்டார்கள். நமக்கு வர வேண்டியது பக்கத்து ஊருக்குப் போயிற்று என்ற நிம்மதியை அந்த மக்கள் மறைத்ததாகத் தெரியவில்லை.

ரோமானியர் காலத்தில் கிழக்கே போகும் பெரிய துறைமுகம் பிரிந்திசிதான். ஆப்பியன் நெடுஞ்சாலை அங்கேதான் முடிந்தது. அங்கிருந்து லெச்சே வழியாக ஓத்ராந்தோவுக்கு ஒரு சாலை நீண்டது. மேற்கு ரோமப் பேரரசு சரிந்து, தென் இத்தாலியை கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து ஆளத் தொடங்கிய பிறகு கணக்கு மாறியது. கிழக்கிலிருந்து படையும் அதிகாரியும் வந்து இறங்க மிக அருகில் இருந்த துறை ஓத்ராந்தோ. 6ஆம் நூற்றாண்டில், இத்தாலியைப் பிடித்திருந்த கோத்துகளோடு நடந்த நீண்ட போரில் கான்ஸ்டாண்டிநோபிளின் பைசாந்தியப் படைகள் கரையேறிய இடங்களில் இதுவும் ஒன்று. அதன் பிறகு ஐந்து நூற்றாண்டுகள், நடுநடுவே கை நழுவினாலும், இந்த ஊர் பெரும்பாலும் பைசாந்தியர் கையிலேயே இருந்தது. மேட்டுத் தெருவில் ஒளிந்திருக்கும் புனித பேதுரு கோயில் அந்தக் காலத்து மிச்சம். நான்கு தூண்கள் தாங்கும் குட்டிக் குவிமாடம், சுவரில் இராப்போசன ஓவியம், சீடர்களின் பாதம் கழுவும் ஓவியம். எழுத்துகள் கிரேக்கம்.

ஆட்சி மட்டுமல்ல, மக்களும் கிரேக்கமே பேசினார்கள். ஓத்ராந்தோவிலிருந்து உள்நாட்டுப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் கலிமேரா, மார்த்தானோ, ஸ்தெர்னாத்தியா போன்ற ஊர்களில் கிரிக்கோ என்ற கிரேக்க வழக்கைப் பேசும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கலிமேரா என்றாலே கிரேக்கத்தில் காலை வணக்கம். இவர்கள் கிறிஸ்துவுக்கு முன்பு குடியேறிய கிரேக்கர்களின் வழிவந்தவர்களா, பைசாந்தியர் காலத்தில் வந்தவர்களா என்று மொழியறிஞர்கள் நூறு வருடங்களுக்கு மேல் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது தனிக் கட்டுரைக்கான சண்டை.

1068இல் ராபர்ட் கிஸ்கார் தலைமையிலான நார்மன்கள் ஓத்ராந்தோவைப் பிடித்தார்கள். மூன்று ஆண்டுகளில் வடக்கே இருந்த பாரி துறைமுகமும் வீழ்ந்தது. இத்தாலியில் பைசாந்திய ஆட்சி முடிந்தது. ஆனால் வடக்கிலிருந்து வந்த, லத்தீன் திருச்சபையைச் சேர்ந்த இந்த முரட்டுப் படைத்தலைவர்கள் கிரேக்கர்களை விரட்டவில்லை. கிஸ்காரின் மகன் பொஹிமொந்து, முதல் சிலுவைப் போரில் பெயர் வாங்கியவன், 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊருக்குத் தெற்கே ஒரு கிரேக்க மடத்துக்கு இடமும் ஆதரவும் கொடுத்தான். அதுதான் காசொலெயின் புனித நிக்கோலாஸ் மடம். அங்கே ஏடுகளைப் படியெடுத்தார்கள், இலக்கணம் கற்றுக்கொடுத்தார்கள், பெரிய நூலகம் வைத்திருந்தார்கள். மடத்தின் ஒழுங்குமுறை ஏட்டோடு ஒரு குறிப்பும் பிழைத்திருக்கிறது: யார் எந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிப் போனார் என்ற பட்டியல். எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய நூலகப் பதிவேடு! வாங்கிப் போனவர்கள் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

யூதர்களும் இருந்தார்கள், வெறுமனே கடை வைத்துப் பிழைத்தவர்களாக அல்ல. 'சீயோனிலிருந்து சட்டம் புறப்படும், எருசலேமிலிருந்து ஆண்டவரின் வாக்கு புறப்படும்' என்பது ஏசாயா ஆகமத்தின் வரி. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ரப்பி தாம் என்ற பேரறிஞர், அதை மாற்றிப் போட்ட ஒரு சொலவடையைக் குறிப்பிடுகிறார்: பாரியிலிருந்து சட்டம் புறப்படும், ஓத்ராந்தோவிலிருந்து ஆண்டவரின் வாக்கு. எருசலேமின் இடத்தில் இந்தச் சின்ன ஊர்! அதே நூற்றாண்டில் ஸ்பெயினிலிருந்து கிளம்பிய யூதப் பயணி துதேலாவின் பெஞ்சமின் இங்கே சுமார் 500 யூதர்களைக் கணக்கிட்டுவிட்டு, இரண்டு நாள் கப்பல் பயணத்தில் கோர்ஃபு தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே யோசேப்பு என்ற ஒரே ஒரு யூதர்தான் இருந்தாராம்.

ஆக, 1160களின் ஓத்ராந்தோவை இப்படிக் கற்பனை செய்துகொள்ளலாம்: தெருவில் கிரேக்கம், தொழுகைக்கூடத்தில் எபிரேயம், பேராலயத்தில் லத்தீன், அரசன் நார்மன், துறைமுகத்தில் யார் யாரோ. இந்தக் கலவை ஒரே தரையில் வந்து படிந்திருப்பதை இன்றும் பார்க்கலாம்.

பேராலயத்தின் தரையைத்தான் சொல்கிறேன். 1088இல் அருட்பொழிவு செய்யப்பட்ட இந்த ஆலயத்தின் தரை முழுக்க, வாசலிலிருந்து பீடம் வரைக்கும், வண்ணக் கல்துண்டுகளால் ஆன ஒரே சித்திரம். 1163க்கும் 1165க்கும் இடையில் பேராயர் ஜோனாத்தா செய்யச் சொல்ல, பந்தலேயோனெ என்ற குரு செய்தது. அரசர் வில்லியம், பேராயர், பந்தலேயோனெ ஆகிய மூவர் பெயரும் தரையிலேயே எழுதியிருக்கின்றன. அந்தக் காலத்துக் கலைஞன் ஒருவனின் பெயர் இப்படிக் கிடைப்பது அபூர்வம்.

வாசலில் இரண்டு யானைகள். அவற்றின் முதுகில் வேரூன்றி ஒரு மரம் கிளம்பி, ஆலயத்தின் நீளம் முழுக்க ஓடுகிறது. கிளைகளுக்கு இடையில் உலகமே இருக்கிறது: பாபேல் கோபுரம் கட்டுகிறவர்கள், நோவாவின் பேழைக்கு மரம் அறுக்கிறவர்கள், ஆபேலைக் கொல்லும் காயீன். அப்புறம் பன்னிரண்டு வட்டங்களில் பன்னிரண்டு மாதங்கள். ஒவ்வொன்றிலும் அந்த மாதத்து ராசியும் அந்த மாதத்து வேலையும், உழவு, அறுப்பு, திராட்சை மிதிப்பு என்று. இதுவரைக்கும் சரி, ஆலயத்தில் இருக்கக் கூடியவைதான். ஆனால் மகா அலெக்சாண்டர் எங்கிருந்து வந்தார்? கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட இரண்டு கிரிஃபின்கள் தூக்கிச் செல்ல அவர் வானத்தில் ஏறுகிறார். கோலில் செருகிய இறைச்சியைக் காட்டி அவற்றை மேலே பறக்க வைப்பதாகக் கதை. ஏதேன் தோட்டக் காட்சிக்குப் பக்கத்திலேயே, ஆட்டைப் போன்ற ஒரு பிராணியின் மேல் முடிசூடிய ஒருவர் சவாரி செய்கிறார். தலைக்கு மேல் லத்தீனில் 'ஆர்தர் அரசன்' என்று எழுத்து. எதிரே பூனை மாதிரி ஒரு மிருகம் பாய்கிறது.

இங்கிலாந்துப் பக்கத்துக் கதைத்தலைவன் ஆர்தருக்கு தென் இத்தாலியின் கோடியில் என்ன வேலை? நார்மன்கள்தான் பதில். அதே இனத்தவர்தான் இங்கிலாந்தையும் சிசிலியையும் ஆண்டார்கள். அவர்களோடு கதைகளும் பயணம் செய்தன. ஆட்டின் மேல் ஏற்றியது கேலியா, வேறு அர்த்தமா என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு யாருடைய விளக்கமும் முழுதாகத் திருப்தி தரவில்லை. பார்க்கப் பார்க்க, கையில் கிடைத்த கதையையெல்லாம் ஒரே மரத்தில் தொங்கவிட்டுவிட வேண்டும் என்ற ஆசைதான் அந்தத் தரையில் தெரிகிறது. கடந்து போகிற கப்பல்கள் ஏதாவது ஒரு கதையை இறக்கிவிட்டுப் போகும் துறைமுகத்தில் வேறெப்படி இருக்கும்?

இனி 1480.

ஊருக்கு வடக்கே 'துருக்கர் விரிகுடா' என்று ஒரு கடற்கரை இருக்கிறது. பைன் மரக் காட்டுக்குள் நடந்து போனால் வெள்ளை மணலும் பச்சைத் தண்ணீரும். கோடையில் குடை விரிக்க இடம் கிடைக்காது. 1480 ஜூலை 28ஆம் தேதி ஒட்டோமான் படைகள் வந்து இறங்கியது இங்கேதான் என்பது ஊர் நம்பிக்கை. கப்பல்கள் புறப்பட்ட இடம் எதிர்க்கரையில் இருக்கும் வ்லோரா. தளபதி கெதிக் அஹ்மத் பாஷா. அனுப்பியவர் 1453இல் கான்ஸ்டாண்டிநோபிளை வென்ற சுல்தான் இரண்டாம் மெஹ்மத்.

ஏன் அப்போது, ஏன் அங்கே? இத்தாலிய அரசுகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்த நேரம் அது. வெனிஸ் 16 ஆண்டுப் போரில் களைத்துப் போய் 1479இல் சுல்தானோடு சமாதானம் செய்துகொண்டிருந்தது. வாசலைக் காவல் காக்க வேண்டிய கடற்படை அதனுடையது. அது ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது. தூண்டிவிட்டதே வெனிஸ்தான் என்ற சந்தேகமும் அப்போதே கிளம்பியது. ஓத்ராந்தோவும் அடங்கிய நேப்பிள்ஸ் நாட்டின் அரசர் ஃபெரான்தேவும் போப் நான்காம் சிக்ஸ்துஸும் சேர்ந்து ஃபுளோரன்ஸின் மேல் போர் தொடுத்திருந்தார்கள். ஃபுளோரன்ஸின் தலைவர் லொரென்சோ தெ மெதிச்சி நேரே நேப்பிள்ஸுக்கே போய்ப் பேசியதால் அது 1480 மார்ச்சில் ஓய்ந்திருந்தது. ஆனால் ஃபெரான்தேவின் மூத்த மகன் அல்ஃபோன்சோவும் அவனுடைய படையும் இன்னும் வடக்கே தொஸ்கானாவிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நாட்டின் குதிகாலில் காவல் இல்லை. மெஹ்மத் தன்னை ரோமானியப் பேரரசரின் வாரிசு என்று கருதியவர்; பைசாந்தியருக்கு ஒரு காலத்தில் சொந்தமாக இருந்த துறைமுகங்கள் தனக்கும் சொந்தம் என்பது அவர் கணக்கு. ஓத்ராந்தோ இத்தாலிக்குள் நுழைய முதல் படிக்கட்டு. படைகள் முதலில் பிரிந்திசியைக் குறிவைத்தன, காற்றுதான் ஓத்ராந்தோ பக்கம் தள்ளியது என்று சொல்வதும் உண்டு. அது உண்மையானால், பாம்பு எண்ணெய் குடித்த கணக்கு நேராகிவிட்டது.

சரணடைந்தால் உயிருக்கு உத்தரவாதம் என்று பாஷா சொல்லி அனுப்பினார். ஊர் மறுத்தது. நகரத்தின் சாவிகளை மதில் மேலிருந்து கடலில் எறிந்தார்கள் என்பது பரம்பரைக் கதை. பீரங்கிகள் கல் குண்டுகளைப் பொழிந்தன. இன்றும் பழைய ஊரின் சந்துகளில் நடந்தால் பூசணிக்காய் அளவிலான அந்தக் குண்டுகள் வீட்டு வாசல்களிலும் மூலைகளிலும் கிடப்பதைப் பார்க்கலாம். மதில்கள் பீரங்கி காலத்துக்கு முன்பு கட்டியவை, உயரம் உண்டு, கனம் கிடையாது. இரண்டு வாரம் தாங்கின. ஆகஸ்ட் 11ஆம் தேதி ஊர் விழுந்தது. பேராயர் ஸ்தேஃபானோ பேராலயத்திலேயே கொல்லப்பட்டார். 14ஆம் தேதி, உயிரோடு பிடிபட்ட ஆண்களில் ஏறக்குறைய 800 பேரை ஊருக்கு வெளியே மினெர்வா குன்றுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். பழைய பதிவுகள் 12,000 பேர் இறந்தார்கள், 5,000 பேர் அடிமைகளாகப் போனார்கள் என்கின்றன. அந்த ஊருக்குள் அவ்வளவு பேர் இருந்திருக்க முடியுமா என்று கேட்டாலே எண்கள் ஆட்டம் காண்கின்றன. குன்றில் நடந்த கொலையில் யாருக்கும் சந்தேகமில்லை. எதற்காக என்பதில்தான் சிக்கல். மதம் மாறினால் விடுவிப்பதாகச் சொன்னார்கள், அந்தோனியோ பிரிமால்தோ என்ற முதிய தையல்காரர் முதலில் மறுத்தார், மற்றவர்கள் அவரைப் பின்பற்றினார்கள், வெட்டுப்பட்ட பிறகும் கடைசி ஆள் சாகும்வரை அவர் உடல் விழாமல் நின்றது என்பது திருச்சபையின் வரலாறு. 1539இல் நடந்த விசாரணையில் முதியவர்கள் சாட்சி சொன்னார்கள். சம்பவம் நடந்து 59 வருடம் ஆகியிருந்தது. சம்பவ காலத்துத் தூதர் கடிதங்களைப் படித்த சில நவீன ஆய்வாளர்கள், மதமாற்றப் பேச்சுக்கு அவற்றில் உறுதியான ஆதாரம் இல்லை என்கிறார்கள். சரணடைய மறுத்த ஊரைத் தண்டித்து மற்ற ஊர்களை மிரட்டுவது அக்காலப் போர்வழக்கு, மீட்புப் பணம் தர வழியில்லாதவர்களைக் கொன்றிருக்கலாம் என்பது அவர்கள் தரப்பு. என் பார்வையில் இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமில்லை. தண்டனையாகத் தொடங்கிய ஒன்றின் நடுவே மதப் பேச்சும் வந்திருக்கலாம். ஆனால் செத்தவர்களைத் தியாகிகளாக நினைவில் வைப்பது பிழைத்தவர்களுக்குத் தேவையாக இருந்தது என்பது மட்டும் தெளிவு.

ரோம் நடுங்கிப் போனது. போப் பிரான்ஸ் பக்கத்து அவிஞோனுக்கு ஓடிப்போகக்கூட யோசித்தார் என்பார்கள். சிலுவைப் போர் அறிவிக்கப்பட்டது. அல்ஃபோன்சோ தெற்கே விரைந்தான். ஃபெரான்தேவின் மருமகனான ஹங்கேரி மன்னர் மத்தியாசும் படை அனுப்பினார். ஆனால் முடிவைத் தீர்மானித்தது வேறொரு மரணம். 1481 மே 3ஆம் தேதி சுல்தான் மெஹ்மத் இறந்தார். மகன்கள் பயசீதும் ஜெமும் அரியணைக்கு மோதிக்கொள்ள, எதிர்க்கரையிலிருந்து வர வேண்டிய உதவி வரவில்லை. செப்டம்பர் 10ஆம் தேதி ஓத்ராந்தோவில் இருந்த காவல்படை சரணடைந்தது. மொத்தம் 13 மாதம். அடுத்த ஆண்டு கெதிக் அஹ்மத் பாஷாவையே புதிய சுல்தான் கொன்றுவிட்டார்.

காசொலெ மடமும் அதன் நூலகமும் 1480இல் அழிந்தன. இன்று ஒரு பண்ணை வளாகத்துக்குள் சில சுவர்கள் மட்டும் மிச்சம். பந்தலேயோனெயின் தரை எப்படியோ தப்பித்தது.

பேராலயத்தில் வலப்பக்கத்துச் சிற்றாலயத்தில் தியாகிகளின் எலும்புகள் இருக்கின்றன. பீடத்துக்குப் பின்னால் சுவரளவு கண்ணாடி அலமாரிகள். உள்ளே மண்டை ஓடுகள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கின்றன. சிலவற்றை நேப்பிள்ஸுக்கும் கொண்டுபோனார்கள். 1771இல் இவர்களுக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முக்திப்பேறு பட்டம் கிடைத்தது. புனிதர் பட்டத்துக்கு இன்னும் 242 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கான நாளை அறிவிக்கத்தான் 2013 பிப்ரவரி 11ஆம் தேதி கர்தினால்களை போப் பதினாறாம் பெனடிக்ட் கூட்டினார். அறிவிப்பு முடிந்ததும் அவரே லத்தீனில் இன்னொரு தாளை வாசித்தார்: தான் பதவி விலகுகிறேன் என்று. அன்று உலகம் முழுக்கப் பேசிய செய்தியில் ஓத்ராந்தோவின் 813 பேரை யார் கவனித்திருப்பார்கள்? மே 12ஆம் தேதி புதிய போப் ஃபிரான்சிஸ் அவர்களைப் புனிதர்களாக அறிவித்தார்.

மீட்ட ஊரை நேப்பிள்ஸை ஆண்ட அரகோனிய வம்சத்து அரசர்கள் புதிதாக அரண் செய்தார்கள். இப்போது நிற்கும் கோட்டை அந்த 15ஆம் நூற்றாண்டுக் கடைசிக் கட்டுமானம். உயரத்தைக் குறைத்து, சுவரைத் தடிமனாக்கி, முனைகளில் வட்டக் கோபுரம் வைத்துக் கட்டினார்கள். குண்டு நேராக மோதாமல் வழுக்கிப் போகும். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய ஆளுநர்கள் கடற்கரை நெடுகக் காவல் கோபுரங்கள் எழுப்பினார்கள். ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியும். பூட்ஸின் குதியான சலேந்தோவின் கரையில் 'தொர்ரே' (கோபுரம்) என்று தொடங்கும் ஊர்ப்பெயர்களெல்லாம் இந்தக் கோபுரங்கள் கொடுத்தவை. 'அம்மா, துருக்கர்கள்!' என்று பதறுவது இத்தாலியப் பேச்சில் இன்றும் கேலியாக இருக்கிறது. பயந்தவன் போய்விட்டான், கேலி தங்கிவிட்டது.

அதன் பிறகு ஊர் தலையெடுக்கவில்லை. கரையோரச் சதுப்பில் மலேரியா, கடலில் கொள்ளையர் பயம். பூட்ஸின் குதி முழுவதற்கும் 'ஓத்ராந்தோ நாடு' என்றுதான் நெடுங்காலம் பெயர், ஆனால் அதிகாரமும் பணமும் லெச்சேவுக்குப் போய்விட்டன. பெயர் மட்டும் தனியாக ஊர் சுற்றியது. 1764இல் ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் ஓத்ராந்தோ கோட்டையைத் தலைப்பில் வைத்து ஒரு பேய்க்கதை எழுதி, ஐரோப்பாவில் ஒரு புதிய கதைவகைக்கே வழிவிட்டார். அவர் அந்த ஊருக்குப் போனதில்லை. வரைபடத்தில் பார்த்த பெயர், ஒலி பிடித்திருந்தது, எடுத்துக்கொண்டார். அங்கே உண்மையிலேயே கோட்டை இருக்கிறது என்பதே பின்னால்தான் தெரியவந்தது என்று அவரே கடிதத்தில் எழுதினார். நெப்போலியனோ 1809இல் தன் போலீஸ் அமைச்சர் ஃபூஷேயை ஓத்ராந்தோ பிரபு ஆக்கினார். அந்தப் பட்டம் இப்போது சுவீடனில் வாழும் அவருடைய வாரிசுகளிடம் இருக்கிறது.

முதல் உலகப் போரில் ஊருக்கு மறுபடி வேலை வந்தது. ஏட்ரியாடிக்குக்குள் இருந்த ஆஸ்திரிய, ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மத்தியதரைக் கடலுக்குள் வராமல் தடுக்க, நேச நாடுகள் ஜலசந்தியின் குறுக்கே வலை விரித்தன. பிரிட்டனிலிருந்து வந்த மீன்பிடிப் படகுகள் எஃகு வலைகளை இழுத்துக்கொண்டு வரிசையாக நின்றன. நீர்மூழ்கிகள் பெரும்பாலும் அடியில் புகுந்து போய்விட்டன. 1917 மே 15 விடிகாலையில் ஹோர்த்தி என்ற கடற்படை அதிகாரியின் தலைமையில் வந்த மூன்று ஆஸ்திரியப் போர்க்கப்பல்கள் 14 படகுகளை மூழ்கடித்தன. மீன்பிடிக்கப் பிறந்த படகுகள், பாவம்.

இரண்டாம் போருக்குப் பின் அல்பேனியா கதவைச் சாத்திக்கொண்டது. மலை தெரியும், மனிதர் வர முடியாது. 1940இலிருந்து 1976வரை ஊருக்குத் தெற்கே அலுமினியத் தாதுவான பாக்சைட் வெட்டினார்கள். கைவிட்ட குழியில் நீர் ஊறி, செம்மண் கரைகளுக்கு நடுவே பச்சைக் குளமாக நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் இப்போது அதைப் படம் எடுக்கப் போகிறார்கள்.

1991இல் கதவு உடைந்தது. அல்பேனியர்கள் கப்பல் கப்பலாகப் பிரிந்திசிக்கும் பாரிக்கும் வந்து இறங்கினார்கள். பிறகு வந்தவை இரவில் வ்லோராவிலிருந்து கிளம்பும் விசைப்படகுகள். சலேந்தோவின் கரைகளில் ஆட்களை இறக்கிவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடும். 1997 தொடக்கத்தில் அல்பேனியாவில் பிரமிட் மோசடி நிறுவனங்கள் சரிந்து, மக்களின் சேமிப்பு மொத்தமும் போயிற்று. நாடே கலவரத்தில் விழுந்தது. இத்தாலி தன் கடற்படையை ஜலசந்தியில் நிறுத்தியது. மார்ச் 28, புனித வெள்ளி. வ்லோராவிலிருந்து கிளம்பிய காத்தெர் இ ராதெஸ் என்ற சின்ன ரோந்துப் படகில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஒரு சின்ன மாலுமிக் குழுவுக்காக மட்டும் கட்டிய படகு அது. தடுக்க வந்த சிபில்லா என்ற இத்தாலியப் போர்க்கப்பலோடு மோதி மூழ்கியது. 80க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இரு கப்பல்களையும் ஓட்டியவர்களை நீதிமன்றம் குற்றவாளிகள் என்று சொன்னது.

கடலடியிலிருந்து தூக்கிய அந்தப் படகின் உடலை ஓத்ராந்தோ துறைமுகத்தில் வைத்திருக்கிறார்கள். கிரேக்கச் சிற்பி கோஸ்தாஸ் வரோத்சோஸ் 2012இல் துருவேறிய இரும்புக்குள் அலைகளைப் போலக் கண்ணாடித் தகடுகளைச் செருகி அதை நினைவுச்சின்னமாக்கினார். எலும்புகள் இருக்கும் பேராலயத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஒன்று வ்லோராவிலிருந்து வந்தவர்களால் செத்தவர்களுக்கு, இன்னொன்று வ்லோராவிலிருந்து வரும்போதே செத்தவர்களுக்கு.

இப்போது ஜலசந்தியைத் தாண்டுகிறவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கிரீஸையும் இத்தாலியையும் இணைக்கும் 500 மெகாவாட் மின்கம்பி கடலடியில் ஓடுகிறது. ஓத்ராந்தோவுக்கு வடக்கே மெலெந்துஞோ ஊர்க் கரையில் அஸர்பைஜான் எரிவாயு 2020இன் கடைசியிலிருந்து வந்து சேருகிறது. ஒலிவ மரங்களைப் பெயர்த்து நட வேண்டியிருந்ததால் 2017இல் அங்கே பெரிய போராட்டம் நடந்தது. கடலுக்கடியில் குழாயின் நீளம் 105 கிலோமீட்டர், சில இடங்களில் ஆழம் 800 மீட்டருக்கு மேல். எதிர்க்கரையில் அது கடலுக்குள் இறங்குவது ஃபியேர் என்ற நகரத்தின் பக்கம். பிர்ரஸ் பாலம் போட நினைத்த அப்பொல்லோனியாவின் இடிபாடுகளும் அதே ஃபியேருக்கு வெளியே ஒரு மேட்டின் மேல்தான் கிடக்கின்றன.